வாப்பாவுக்காக ஒரு பெட்டி

"சட்டி" என்றால் வாப்பாவுக்குத் "தட்டி" என்று கேட்கும். "கடைக்குப் போகணும்" என்று உம்மா சொன்னால், "எந்தப் படைக்கு?" என்று கேட்பார். முதலில் நாங்கள் சிரித்தோம். வாப்பாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளில் கேட்பதையும் நிறுத்திவிட்டார். பின்னேரங்களில் வானொலியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சத்தத்தைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் அணைத்துவிட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்.

வாப்பா இருபது வருடங்களுக்கு மேலாக வவுனியாவில் ஓர் அரிசி ஆலையில் இயந்திரம் பார்த்தவர். 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவை விட்டு வெளியேற்றப்பட்டபோது அவருக்கு வயது 23. புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டு, கல்யாணம் முடித்து, பட்டாணிச்சூருக்கு வந்து சேர்ந்தார். ஆலைக்குள் இரண்டு பேர் பேசுவதென்றால் ஒருவர் காதுக்குள் மற்றவர் கத்த வேண்டும். அந்தச் சத்தம் அவரது காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. வயது போகிறது என்று நினைத்தோம்.

ஒரு நாள் நான் மெல்லக் கேட்டேன், "வாப்பா, ஒண்டுமே கேக்குதில்லையா?"

"சத்தம் கேக்குது மகள். சொல்லு விளங்குதில்ல."

அந்த வார்த்தையை நான் சரியாகக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. சத்தம் போதாமல் இருக்கிறது என்றுதான் விளங்கிக்கொண்டேன். பெரிய சத்தமாக, நெஞ்சில் இடிக்கும் சத்தமாகக் கொடுத்தால் வாப்பா திரும்பவும் வானொலி கேட்பார் என்று முடிவு செய்தேன். இந்தக் கதை அந்தப் பிழையான முடிவிலிருந்து தொடங்குகிறது.

அந்த நேரம் எங்கள் மாமாவின் பழைய வான் இரும்புக் கடைக்குப் போகவிருந்தது. அதன் பின்சீற்றுக்கு அடியில் 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்றும், ஒரு சிறிய அம்பும் இருந்தன. அந்த ஸ்பீக்கரைத்தான் சப்வூபர் என்கிறார்கள். தாழ்ந்த சத்தத்துக்கு மட்டும் உரியது. பெட்டி உக்கிப் போயிருந்தது. மாமா, "வேணுமெண்டா கழட்டி எடுங்க" என்றார். நானாவும் நானும் கழற்றினோம். பழைய கணினியின் பவர் சப்ளையிலிருந்து 12 வோல்ற் எடுத்து அம்பைக் கிளப்பினோம். பெட்டி இல்லாமல் தரையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுப் பார்த்தோம். அவ்வளவு பெரிய கூம்பு முன்னும் பின்னும் பாய்கிறது. ஆனால் சத்தம் கொசுவின் சத்தம்போலத்தான் வந்தது.

காரணம் பின்னால்தான் விளங்கியது. கூம்பு முன்னே வரும்போது முன்பக்கக் காற்றை நெருக்குகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்றை ஐதாக்குகிறது. இடையில் தடுப்பு இல்லாவிட்டால் முன்னால் நெருங்கிய காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னால் ஓடிவிடும். ஒன்றை ஒன்று அழித்துவிடும். பெட்டியின் முதல் வேலை இந்த இரண்டையும் பிரித்து வைப்பது.

எங்கள் பக்கத்து வீதியில் இருக்கும் ஓடாவியிடம் போனேன். ஒரு அலுமாரி செய்து மிஞ்சிய 18 மில்லிமீற்றர் எம்.டி.எஃப். பலகை அவரிடம் இருந்தது. உள்ளளவு 40க்கு 36க்கு 28 சென்ரிமீற்றர் வரும்படி வெட்டித் தந்தார். மூன்றையும் பெருக்கினால் 40 லீற்றருக்குக் கொஞ்சம் கூட. மாமி ஒருவர் அந்த வழியாகப் போனவர், நான் பலகையைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து, "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்த வேல?" என்றார். ஓடாவிதான் எனக்காகப் பதில் சொன்னார்: "அது கணக்குப் பார்க்குற வேல. ஆணி அடிக்கிறது பத்து நிமிசம்."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அப்போது தெரிந்திருந்தால் நேரே ஆணி அடித்திருக்க மாட்டேன். நானாவுக்குத் தெரிந்த ஒருவர், "முன்பலகையில ஒரு ஓட்டை போட்டுப் பைப் வச்சா பேஸ் நல்லா வரும்" என்று சொல்லியிருந்தார். எவ்வளவு நீளம் என்று நாங்கள் கேட்கவில்லை. கிணற்றடியில் மிஞ்சிக் கிடந்த 90 மில்லிமீற்றர் பி.வி.சி. பைப்பில் 10 சென்ரிமீற்றர் துண்டு ஒன்றைச் செருகினோம்.

சத்தம் வந்தது. வீடு முழுவதும் வந்தது. அலுமாரிக்குள் இருந்த பெருநாள் கண்ணாடிக் கோப்பைகள் எல்லாம் சேர்ந்து நடுங்கின. நானாவுக்கு ஒரே சந்தோசம். ஆனால் எதைப் போட்டாலும் ஒரே 'டொம்'தான். பாட்டுப் போட்டாலும் டொம், செய்தி போட்டாலும் டொம். மத்தளமும் டொம், மனிதனும் டொம். வாப்பா ஐந்து நிமிடம் பொறுமையாக இருந்துவிட்டுச் சொன்னார்: "இது நெல்லு மெஷின் பெல்ட் லூசானா வாற சத்தம்."

அடுத்த நாள் பௌதிகவியல் டீச்சரிடம் போனேன். நான் ஏற்கெனவே ஒரு கணக்குச் செய்து வைத்திருந்தேன். உயர்தரப் பாடத்தில் பரிவுக் குழாய்ப் பரிசோதனை இருக்கிறதல்லவா? ஒரு முனை மூடிய குழாயின் நீளம் அலைநீளத்தின் காற்பங்கு. எனக்கு 33 ஹேர்ட்ஸ் வேண்டும்; ஒலியின் வேகத்தை 33 ஆல் வகுத்தால் அலைநீளம் பத்தரை மீற்றர் அளவில்; காற்பங்கு 2.6 மீற்றர். "இரண்டரை மீற்றர் பைப்பை எப்படி டீச்சர் இந்தப் பெட்டிக்குள் வைக்கிறது?" என்று கேட்டேன். எங்கள் வீட்டு முன்னறையே நான்கு மீற்றர்தான்.

டீச்சர் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து அதன் வாய்க்குக் குறுக்கே ஊதினார். "ஹூ..." என்று தாழ்ந்த சத்தம் வந்தது. "இந்தப் போத்தல் ஒரு முழம்கூட இல்லை. பரிவுக் குழாய்க் கணக்குப்படி பார்த்தால் இந்தச் சத்தம் வரவே கூடாது. அப்ப ஏன் வருது?" என்றார்.

டீச்சரின் ஊர் கிளிநொச்சி. 90களில் அங்கு மின்சாரம் இல்லை; பற்றறியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. வன்னியில் அந்த வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். டீச்சரின் அண்ணன் உடைந்த வானொலியின் ஸ்பீக்கரை ஒரு மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்துச் சுற்றிவரக் களிமண் பூசியிருந்தாராம். பானையின் வயிற்றில் விரல் நுழையும் அளவு ஒரு துளை. "துளையை விரலால் அடைச்சா குரல் மெலியும், எடுத்தா கனக்கும். செய்தி தொடங்க முதல் ஆளாளுக்கு அடைச்சுத் திறந்து விளையாடுவம். அது ஏன் எண்டு பல்கலைக்கழகம் போன பிறகுதான் படிச்சேன்" என்றார் டீச்சர். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போத்தலிலும் பானையிலும் நடப்பது ஒன்றேதான். கழுத்துக்குள் இருக்கும் காற்று ஒரு திணிவு. வயிற்றுக்குள் இருக்கும் காற்று ஒரு சுருள்வில். கழுத்துக் காற்று உள்ளே தள்ளப்பட்டால் வயிற்றுக் காற்று நெருங்கி அதை வெளியே தள்ளும். அது வேகத்தில் கொஞ்சம் கூடவே வெளியே போய்விட, உள்ளே அமுக்கம் குறைந்து திரும்ப இழுக்கும். வில்லில் தொங்கும் படிக்கல் ஆடுவதைப்போல இது ஆடும். இங்கே குழாயின் நீளத்துக்கும் அலைநீளத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. திணிவு கூடினால், அதாவது குழாய் நீண்டால், சுரம் தாழும். வில் தளர்ந்தால், அதாவது பெட்டி பெருத்தால், அப்போதும் தாழும். குழாய் அகன்றால் சுரம் உயரும்.

இதைக் கணக்காக்கியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜேர்மனியர் (1821 - 1894). அவர் அடிப்படையில் ஒரு வைத்தியர். கண்ணையும் காதையும் பற்றி ஆராய்ந்தவர். வெவ்வேறு அளவில் உருண்டைக் குடுவைகள் செய்வித்து, அவற்றின் சிறு முனையைக் காதில் வைத்துக் கேட்பார். ஒவ்வொரு குடுவையும் தனக்குரிய சுரத்தை மட்டும் பொறுக்கிப் பெரிதாக்கித் தரும். ஒலியைப் பற்றிய அவரது பெரிய நூல் 1863இல் வந்தது. காதைப் படித்த ஒருவரின் கணக்கு என் பெட்டிக்குள் வந்திருப்பதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

ஸ்பீக்கர்ப் பெட்டியில் இந்தத் துளையை வைக்கும் யோசனைக்கு அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த அல்பேட் துராஸ் என்பவர் 1930இல் விண்ணப்பித்து 1932இல் காப்புரிமை பெற்றார். ஆனாலும் நீண்ட காலம் எல்லோரும் எங்களைப்போல வெட்டி ஒட்டிப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியியலாளர் 1961இல் முழுக் கணக்கையும் எழுதி வெளியிட்டார். பத்து வருடம் கழித்து அமெரிக்காவில் மறுபடி அச்சிடப்பட்ட பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது. ரிச்சட் ஸ்மோல் என்பவர் சிட்னியில் அதைத் தொடர்ந்தார். இன்று எந்த ஸ்பீக்கரை வாங்கினாலும் அதன் தாளில் இருக்கும் எண்களுக்கு இவர்கள் இருவரின் பெயர்தான். எனது ஸ்பீக்கருக்குத் தாள் இல்லை. அது வானின் சீற்றுக்கு அடியிலிருந்து வந்தது.

எனவே நானே அளக்க வேண்டியிருந்தது. தொலைபேசியில் ஒரு செயலி வேண்டிய மீடிறனில் சத்தம் தரும். அதை அம்புக்குக் கொடுத்து, ஸ்பீக்கருடன் தொடராக ஒரு தடையைப் போட்டு, மல்ரிமீற்றரை ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் வைத்தேன். மீடிறனை மெல்ல மெல்ல மாற்றினால் ஓர் இடத்தில் வோல்ற்றளவு உச்சத்துக்குப் போகும். அதுதான் ஸ்பீக்கரின் சொந்தப் பரிவு. வெளியில் வைத்தபோது 34 ஹேர்ட்ஸ். பிறகு பைப் துளையைப் பலகைத் துண்டால் இறுக்கி மூடி, ஸ்பீக்கரைப் பெட்டியில் பூட்டி அளந்தேன்: 49. மூடிய பெட்டியின் காற்று இன்னொரு வில்லாகச் சேர்ந்து ஸ்பீக்கரை விறைப்பாக்கியதால் வந்த வித்தியாசம் இது. 49ஐ 34 ஆல் வகுத்து, வர்க்கித்து, ஒன்றைக் கழித்துப் பெட்டியின் 38 லீற்றரால் பெருக்கினால் 41 லீற்றர். இந்த ஸ்பீக்கரின் தொங்கலின் இளக்கம் 41 லீற்றர்க் காற்றின் இளக்கத்துக்குச் சமம் என்று இதற்குப் பொருள். ஸ்பீக்கரின் இளக்கத்துக்குக் கிட்டிய அளவில் பெட்டியும், அதன் சொந்தப் பரிவுக்குக் கிட்டிய மீடிறனில் குழாயும் இருந்தால் தொடக்கக்காரருக்குப் பெரிய பிழை வராது என்றார் டீச்சர். எல்லா ஸ்பீக்கருக்கும் இது பொருந்தாது என்றும் சொன்னார். என்னுடையதற்குப் பொருந்தியது அதிர்ஷ்டம்.

குழாயின் நீளத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. குழாயின் உள்விட்டத்தைச் சென்ரிமீற்றரில் வர்க்கித்து 23,562 ஆல் பெருக்க வேண்டும். வரும் விடையை மீடிறனின் வர்க்கத்தாலும் பெட்டியின் லீற்றர் அளவாலும் வகுக்க வேண்டும். அதிலிருந்து விட்டத்தின் 0.73 மடங்கைக் கழித்தால் நீளம். அந்தக் கழிவு நாங்கள் ஆய்வுகூடத்தில் சலித்துக்கொண்டே செய்யும் முனைத் திருத்தத்தின் உறவுக்காரன்தான். குழாயின் வாய்க்கு வெளியேயும் கொஞ்சக் காற்று சேர்ந்து ஆடுகிறது. என் பைப்பின் உள்விட்டம் 8.4 சென்ரிமீற்றர். 40 லீற்றருக்கும் 33 ஹேர்ட்ஸுக்கும் போட்டுப் பார்த்தேன்: 32 சென்ரிமீற்றர். முதலில் வைத்த 10 சென்ரிமீற்றர்த் துண்டுக்குத் தலைகீழாகக் கணக்குப் பார்த்தேன். 51 ஹேர்ட்ஸ். எங்கள் 'டொம்'மின் பெயர் 51 என்று அன்று தெரிந்தது.

32 சென்ரிமீற்றருக்கு வெட்டி வைத்தேன். இப்போது பெட்டி எந்த மீடிறனில் நிற்கிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பெட்டியை மல்லாக்கக் கிடத்தி, கூம்பில் நாலைந்து அரிசி மணிகளைப் போட வேண்டும். மீடிறனை மேலிருந்து மெல்லக் குறைத்துக்கொண்டு வந்தால் மணிகள் துள்ளும். ஓர் இடத்தில் துள்ளல் அடங்கும். இன்னும் குறைத்தால் மறுபடி பாயும். அடங்கும் இடத்தில்தான் குழாய் பரிவடைகிறது. அந்த இடத்தில் வேலையைக் குழாய்க் காற்று செய்கிறது; கூம்பு ஏறக்குறைய சும்மா இருக்கிறது. அதற்குக் கீழே போனால் பெட்டி கூம்பைத் தாங்காது, வெறுங்காற்றில் ஆடுவதுபோல அடித்துக்கொள்ளும். சத்தம் கேட்கவில்லையே என்று கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும். நான் ஒரு தடவை 20க்கு இறக்கிவிட்டேன். 'டக்' என்று ஒரு சத்தம். உயிர் போய் வந்தது.

மணிகள் அடங்கியது 33இல் அல்ல, 35க்கும் 36க்கும் இடையில். எங்கே பிழை என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் உம்மா அரிசி களைந்த பானைக்குள் கையை விட, தண்ணீர் மேலே ஏறியதைப் பார்த்தபோது விளங்கியது. ஸ்பீக்கரின் காந்தம், குழாய், பலகை அதிராமல் நான் உள்ளே வைத்த குறுக்குச் சட்டம் எல்லாம் பெட்டிக்குள்தானே இருக்கின்றன? அவை ஐந்து லீற்றரைத் தின்றுவிட்டன. எனக்கு மிஞ்சியது 35 லீற்றர். மறுபடி கணக்கு: 38 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பெட்டியின் ஆழமோ 36. 32 வைத்தபோதே குழாயின் பின்வாய்க்கும் பின்பலகைக்கும் இடையில் 6 சென்ரிமீற்றர்கூட இருக்கவில்லை. குழாயின் விட்டமளவாவது இடம் விட வேண்டும். ஹாட்வெயாரில் ஓர் எல்போ வாங்கி வளைத்து, நடுக்கோட்டில் அளந்து 38 வைத்தேன். மூட்டுகளுக்குச் சிலிக்கன் பூசி, ஊதுபத்தியைக் கொளுத்தி விளிம்பெல்லாம் பிடித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் புகை ஆடியது. அங்கே இன்னும் கொஞ்சம் பூசினேன்.

வாப்பா இவ்வளவையும் முற்றத்துக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அரிசி மணிகள் இப்போது 32இலா 33இலா 34இலா அடங்குகின்றன என்று எனக்கும் நானாவுக்கும் வாக்குவாதம். வாப்பா எழுந்து வந்து, அரிசியைத் தட்டிவிட்டு, உள்ளங்கையைக் குழாயின் வாய்க்கு முன்னால் நீட்டினார்.

"மாத்து" என்றார்.

ஒவ்வொன்றாக மாற்றினேன். 36. 35. 34. அவர் கண்ணை மூடியிருந்தார். ஆலையில் அவர் இப்படித்தான் இயந்திரத்தில் கை வைப்பாராம். எந்தப் பெயாரிங் போகப்போகிறது என்று கையாலேயே சொல்வாராம். உம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. 33க்கு வந்தபோது, "இதுதான்" என்றார். 32க்குக் குறைத்தேன். "இல்ல, திருப்பு." திருப்பினேன். "இதுதான். இங்கதான் காத்து நிறைய வருது."

அந்தக் குழாய்க்குள் ஆடும் காற்றின் எடையைப் பிறகு கணக்குப் பார்த்தேன். மூன்று கிராம்கூட இல்லை.

அன்று இரவு நானா தொலைபேசியில் ஒரு றபான் பதிவைத் தேடிப் போட்டான். புத்தளத்தில் இருந்த காலத்தில் நோன்பு நாட்களில் சஹருக்கு எழுப்ப பாவாமார் றபான் அடித்துக்கொண்டு வருவதைப் பற்றி வாப்பா அடிக்கடி சொல்வார். பெட்டி இப்போது டொம்மென்று அடிக்கவில்லை. நடுத்தோலில் கை விழுவது வேறாகவும், விளிம்பில் விழுவது வேறாகவும் வந்தது. வாப்பா கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு கேட்டார். "தூரத்தில இருந்து வாறான். இப்ப பள்ளி முடக்குல நிக்கிறான்" என்றார். பதிவில் யாரும் நடந்து வரவில்லை. எங்கோ உட்கார்ந்து அடித்த பதிவு அது. நாங்கள் சொல்லவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த நாள் செய்தி போட்டேன்.

வாப்பா முன்பைவிடக் கிட்ட வந்து உட்கார்ந்தார். காதைச் சாய்த்தார். அம்பில் இருந்த திருகை நான் 150 அளவில் விட்டிருந்ததால் செய்தி வாசிப்பவரின் குரலின் அடிப்பகுதி முழுவதும் பெட்டியால் வந்து அறையை நிறைத்தது. எனக்கே பாதி விளங்கவில்லை. வாப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் மனம் நோகக் கூடாதென்று, "நல்லா இருக்கு மகள்" என்று சொல்லி எழுந்து முற்றத்துக்குப் போனார்.

அந்த "நல்லா இருக்கு" என்னை அழ வைத்தது.

டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒரேயொரு கேள்வி: "வாப்பாவுக்குக் காது சோதிச்சீங்களா?" சோதிக்கவில்லை. ஒரு வருடமாக உம்மா கெஞ்சியும் வாப்பா ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டார். காதில் மெஷின் மாட்டினால் ஊர் கிழவன் என்று சொல்லும் என்பது அவரது கவலை. டீச்சர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். கிடையாக மீடிறன். மனிதப் பேச்சில் உயிரெழுத்துகளின் கனம் பெரும்பாலும் தாழ்ந்த பக்கத்தில் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரிக்கும் ச, ட, த, க, ப போன்ற வல்லின ஒலிகளின் கூர்மை 2000 ஹேர்ட்ஸுக்கும் அதற்கு மேலும் இருக்கிறது. இரைச்சலில் வேலை செய்தவர்களின் காது பெரும்பாலும் 4000ஐச் சுற்றி முதலில் பழுதாகிறது. சட்டி, தட்டி, கட்டி, பட்டி எல்லாம் அவர்களுக்கு ஒரே சொல். தாழ்ந்த சத்தத்தைக் கூட்டினால் மேலே மிச்சமிருப்பதையும் அது மூடிவிடும். தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை மூடுவது சுலபம். உயர்ந்தது தாழ்ந்ததை மூடுவது கடினம்.

சத்தம் கேட்குது, சொல்லு விளங்குதில்லை. முதல் நாளே வாப்பா நோயைச் சரியாகச் சொல்லியிருந்தார்.

அன்று பின்னேரம் பெட்டிக்கு முன்னால் வாப்பாவை உட்கார வைத்தேன். அதே செயலியில் 33 போட்டேன், கையைக் காட்டினார். 100 போட்டேன், தலையாட்டினார். சின்ன ஸ்பீக்கருக்கு மாற்றி 500, 1000 போட்டேன், கேட்கிறது என்றார். 4000 போட்டேன். நானா காதைப் பொத்திக்கொண்டான். அலுமாரிக்குக் கீழே கிடந்த பூனை எழுந்து ஓடியது. வாப்பா, "போடு மகள்" என்றார்.

"போட்டிருக்கிறன் வாப்பா."

அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு நானாவைப் பார்த்தார். நானா இன்னும் காதைப் பொத்திக்கொண்டிருந்தான். ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். மறுநாள் காலையில் உம்மாவிடம், "கிளினிக் எத்தின மணிக்கு?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் தந்த தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். 250இல் தொடங்கும் கோடு கிட்டத்தட்ட நேராகப் போகிறது, 2000இல் சாய்கிறது, 4000இல் கிணற்றுக்குள் விழுவதுபோல விழுகிறது. என் பெட்டிக்கு நான் கீறிய வரைபை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் கிடை அச்சு மீடிறன்தான். என் கோடு 30இல் தொடங்கி 80இல் முடிகிறது. வாப்பாவின் தாளோ 250இல்தான் தொடங்குகிறது. மூன்று மாதம் நான் உழைத்த இடமும், அவருக்குப் பழுதான இடமும் ஒரே தாளில்கூடச் சேரவில்லை.

ஆனாலும் பெட்டி செய்த காலம் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. அது இல்லாவிட்டால் அந்தத் தாளை என்னால் வாசித்திருக்க முடியாது. வாப்பாவும் அந்த வாசலை மிதித்திருக்க மாட்டார்.

காது மெஷின் வந்த முதல் நாள் அவருக்குப் பெரிய கரைச்சல். பொலித்தீன் பையை யாராவது தொட்டால் திடுக்கிட்டார். உம்மா தேங்காய் துருவினால், "மெல்லத் துருவு" என்றார். சுவரில் பல்லி சொன்னதைக் கேட்டு, "இது எந்த நாளையில இருந்து இங்க கிடக்கு?" என்று விசாரித்தார். இரண்டாம் நாள் பெட்டியின் திருகை நான் 80க்குக் கீழே இறக்கி, அதன் சத்தத்தையும் பாதிக்கு மேல் குறைத்து, செய்திக்குச் சின்ன ஸ்பீக்கரை அவரது கதிரைக்குப் பக்கத்தில் வைத்தேன். செய்தி முழுவதையும் கேட்டார். நடுவில் ஒரு தடவை, "அப்ப இவ்வளவு நாளும் நான் கேட்ட நெல்லு விலை பிழையா?" என்றார்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். சத்தத்தைக் கூட்டினால் என் குழாயிலிருந்து 'புஸ்... புஸ்...' என்று காற்றுச் சீறும். குழாய் ஒடுக்கமாக இருந்து, வாய் விளிம்பு கூராக இருந்தால் காற்று வேகமாக ஓடும்போது அப்படித்தான் வரும். எனக்கும் நானாவுக்கும் அது தெரியும். சரிசெய்யவில்லை. வாப்பாவுக்காகச் செய்த பெட்டி, வாப்பாவுக்கோ அந்தச் சீறல் கேட்காது, பிறகு என்னத்துக்கு மினக்கெடுவான் என்று விட்டுவிட்டோம்.

மூன்றாம் நாள் இரவு அதே றபானைப் போடச் சொன்னார். மெஷினைக் கழற்றாமலே உட்கார்ந்தார். கையைப் பெட்டியின் மேல் வைத்தார். இரண்டு நிமிடம் போனது. கையை எடுத்துவிட்டுக் குனிந்து, குழாயின் வாய்க்கு நேராகக் காதைக் கொண்டுபோனார்.

"மகள், இதுக்குள்ள பாம்பு மாதிரி என்னமோ சீறுது."

நானா என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"விளிம்பு கூரா இருக்கு" என்றார் வாப்பா, விரலால் தடவிக்கொண்டே. "ரெண்டு வாயையும் உருட்டி விடணும். நாளைக்கு ஓடாவிக்கிட்ட மட்டத்தாள் வாங்கிட்டு வா. நான் தேய்ச்சுத் தாறன்."